பேஸ்பாலின் பழைய புகைப்படக்காரர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்பகாலம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

1860-களில் தொடங்கி 1930-களின் பாதி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் போட்டுவைத்த கோடு இல்லை, நானாகப் போட்டுக்கொண்டது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் கண்ணாடித் தகட்டில்தான் படம் எடுத்தார்கள். ஆட்டத்தைப் படமெடுக்க ஆரம்பித்த பிறகு, புகைப்படக்காரர் மைதானத்துக்குள்ளேயே, ஆட்ட எல்லைக் கோட்டைத் தாண்டிச் சில அடி தூரத்தில்தான் நின்றார். பந்து வந்து மேலே பட்டால் பட்டதுதான். அப்புறம் நீண்ட லென்ஸ் வந்தது, ஆட்கள் கேலரிக்கு ஏறிப்போனார்கள், படங்களும் மாறிவிட்டன. மேலேயிருந்து எடுத்தால் ஆட்டம் நன்றாகத் தெரியும், ஆள் தெரியமாட்டார். எனக்கு ஆள் தெரியவேண்டும். கீழே யாருக்கு அதிக இடம், யாருக்கு இரண்டு வரி என்பதெல்லாம் இந்த ஒரு விருப்பத்தில் வந்ததுதான், அதனால் உங்களுக்குப் பிடித்தவர் விட்டுப்போயிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு பேஸ்பாலே தெரியாதே, புரியுமா?

புரியும். இவ்வளவு தெரிந்தால் போதும்: பிட்சர் எறிவார், பேட்டர் அடிப்பார், அடித்தவர் நான்கு பேஸ்களையும் வரிசையாகத் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ரன். பந்தைக் கையில் வைத்திருக்கும் எதிரணிக்காரர் உங்களைத் தொடுவதற்குள் பேஸைத் தொட்டுவிட வேண்டும், அதற்காகத்தான் கடைசிச் சில அடிகளைத் தரையில் சறுக்கிக்கொண்டே போகிறார்கள். பிட்சர் எறிகிற சமயம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடுவதற்குப் பெயர் திருட்டு. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு லீக்குகள், இரண்டிலும் சாம்பியன் ஆகும் அணிகள் மோதுவது வேர்ல்டு சீரிஸ், அது 1903-இல் தொடங்கியது. சரி, படங்களுக்குப் போவோம்.

முதல் பேஸ்பால் படம் எது?

சண்டையில்லாமல் இதற்குப் பதில் கிடையாது. பேஸ்பால் ஆடிய நியூயார்க் நிக்கர்பாக்கர் கிளப்பின் ஆட்கள் என்று சொல்லப்படும் 1840-களின் டகரோடைப், அதாவது வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த படம், ஒன்று இருக்கிறது. அதில் இருக்கும் ஒருவர், அந்தக் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் கார்ட்ரைட்டா இல்லையா என்று ஆராய்ச்சியாளர்கள் காது, மூக்கு, முடிவகிடு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையில் நான் இறங்கவில்லை.

ஆட்டம் நடப்பதைக் காட்டும் பழைய படம் என்றால், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் புலாஸ்கி கோட்டைக்குள் எடுத்தது ஒன்று உண்டு. 1862-63 வாக்கில் எடுத்தது. 48-ஆவது நியூயார்க் படைப்பிரிவுக்காரர்கள் துப்பாக்கியோடு விறைப்பாக நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் கோட்டை முற்றத்தில் யாரோ பேஸ்பால் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். எடுத்தவர் குறிவைத்தது சிப்பாய்களைத்தான். ஆட்டம் தானாக உள்ளே வந்துவிட்டது.

பேஸ்பாலுக்கென்றே எடுத்ததில் எனக்குப் பிடித்தது, புரூக்ளினில் ஸ்டூடியோ வைத்திருந்த சார்லஸ் வில்லியம்சன் 1865-இல் எடுத்த புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் அணியின் படம். விசிட்டிங் கார்டு அளவுதான். ஒரு பிரதி அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. இன்னொன்று மெய்ன் மாநிலத்தில் பழைய சாமான்களோடு சாமானாகக் கிடைத்து, 2013 ஏலத்தில் 92,000 டாலருக்குப் போனது.

பழைய சிகரெட் கார்டுகளில் பந்து கயிற்றில் தொங்குகிறதே, அது என்ன?

கண்ணில் பட்டுவிட்டதா, நல்லது. ஓல்டு ஜட்ஜ் என்ற சிகரெட்டை விற்ற நியூயார்க்கின் குட்வின் கம்பெனி, 1886 முதல் 1890 வரை பாக்கெட்டுக்குள் ஆட்டக்காரர்களின் சின்னப் படங்களை வைத்துக் கொடுத்தது. 500-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள், ஆளுக்குப் பல போஸ். அவற்றில் நிறையப் படங்கள் புரூக்ளின்காரர் ஜோசப் ஹாலின் ஸ்டூடியோவில் எடுத்தவை. அன்றைய கேமராவால் பறக்கும் பந்தைப் பிடிக்க முடியாது, அதனால் கூரையிலிருந்து நூலில் பந்தைக் கட்டித் தொங்கவிட்டு, பிடிப்பதுபோல் கையை நீட்டச் சொன்னார்கள். உற்றுப் பார்த்தால் நூல் தெரியும். மரங்கள் வரைந்த திரைக்கு முன்னால், உள்ளே விரித்த தரையில், மீசையோடு ஒரு பெரிய மனிதர் சறுக்குவதுபோல் படுத்திருப்பார், முகத்தில் அவசரமே இருக்காது.

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் நம் ஊர் ஸ்டூடியோவில் தாஜ்மகால் திரைக்கு முன்னால் நின்றவர்களை எப்படிப் பார்க்கிறோமோ அப்படிப் பார்த்தால், அந்த ஆட்களின் கூச்சம், பெருமை, உடை எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். கையுறை இல்லாமலோ, விரல் வெட்டிய மெல்லிய தோல் உறையோடோ நிற்பார்கள். ஹால் 1888-இல் அட்டையில் ஒட்டிய பெரிய அணிப் படங்களும் எடுத்தார், அவை சிகரெட் கார்டுகளைவிட நேர்த்தியானவை. கார்டு சேகரிப்பவர்கள் சிகரெட் பெயரைச் சொல்வார்கள், ஹால் பெயரைச் சொல்லமாட்டார்கள். இந்தத் துறை முழுக்கவே இப்படித்தான்.

அசைவை முதலில் ஒழுங்காகப் பிடித்தது யார்?

எட்வர்ட் மைபிரிட்ஜ். குதிரையின் நான்கு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புகிறதா என்று காட்டியவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1884 முதல் சில ஆண்டுகள் வரிசையாகக் கேமராக்களை வைத்து மனிதர்களையும் மிருகங்களையும் எடுத்துத் தள்ளினார், 1887-இல் 781 தகடுகளாக வெளிவந்தது. அதில் பேஸ்பால் எறிகிறவர்களும் அடிக்கிறவர்களும் உண்டு, சிலர் முழு நிர்வாணமாக. தசை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்காக அப்படி. ஆட்டத்தின் படம் என்று இவற்றைச் சொல்ல முடியாது, எதிரே பேட்டர் இல்லை, கூட்டம் இல்லை. ஆனால் ஒருவர் எறியும்போது தோள் எங்கே போகிறது, பின்கால் எப்போது எழும்புகிறது என்பதை அதற்கு முன்னால் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

ஒரே ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால்?

சார்லஸ் எம். கான்லன். யோசிக்கவே மாட்டேன்.

1868-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர். தொழிலால் புகைப்படக்காரரே இல்லை, நியூயார்க் டெலிகிராம் பத்திரிகையில் பிழைதிருத்துபவர். கேமரா பொழுதுபோக்கு. அங்கே விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜான் ஃபாஸ்டர், "சும்மா இருக்கும் நாளில் மைதானத்துக்குப் போய் ஆட்டக்காரர்களை எடேன்" என்கிற ரீதியில் சொல்லப்போக, 1904-இல் ஆரம்பித்தார். 1942 வரை எடுத்தார். 1945-இல் இறந்தார். சுமார் 38 ஆண்டுகள், பிழைதிருத்தும் வேலைக்குப் பக்கத்திலேயே.

இவரிடம் என்ன விசேஷம் என்றால், முகம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், வெயிலில் பயிற்சி நடக்கும்போது, ஆட்டக்காரரைக் கூப்பிட்டு நிறுத்திவைத்து மிகப் பக்கத்தில் எடுப்பார், பின்னால் இருக்கும் கேலரி மங்கிக் கரைந்துபோகும். வெயிலில் வெந்த தோல், சவரம் செய்யாத தாடை, கண்ணோரச் சுருக்கம், ஒருமுறை உடைந்து கோணலாகச் சேர்ந்த மூக்கு. ஸ்டூடியோக்காரர்கள் தடவி மறைக்கிற அத்தனையும் இவர் படத்தில் அப்படியே இருக்கும். அதே ஆளை ஐந்து வருஷம் கழித்து மறுபடி எடுப்பார், பத்து வருஷம் கழித்தும் எடுப்பார். 22 வயதில் தலையை நிமிர்த்திக்கொண்டு வந்த பையன் 35 வயதில் எப்படி ஆகிவிட்டான் என்று அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், புள்ளிவிவரப் புத்தகம் தராத ஒன்று கிடைக்கும்.

கைகளையும் எடுத்தார். பிட்சர்கள் பந்தை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கையை மட்டும் நிரப்பிய படங்கள். எடி சிகாட் என்ற சிகாகோ பிட்சர் விரல் மடிப்புகளால் பந்தைப் பற்றியிருக்கும் படம் ஒன்று உண்டு: நகம், நகத்தைச் சுற்றிய அழுக்கு, மணிக்கட்டில் முடிகிற சட்டைக்கை எல்லாம் எண்ணிவிடலாம். பிறகு 1919 வேர்ல்டு சீரிஸைப் பணம் வாங்கிக்கொண்டு தோற்ற விவகாரத்தில் வாழ்நாள் தடை வாங்கிய எட்டு பேரில் இந்தச் சிகாட்டும் ஒருவர். அது தெரிந்தபிறகு அந்தக் கையைச் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை, என்ன செய்ய.

நடுவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அன்றைக்கு நடுவர் படத்தை யார் காசு கொடுத்து வாங்கப்போகிறார்கள்? இருந்தாலும் எடுத்தார்.

கான்லன் எடுத்த டை காப் படத்தைப் பற்றி ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

ஏனென்றால் ஓடும் ஆட்டத்தை எடுத்த பழைய படங்களில் அதற்கு இணையே இல்லை. ஹைலேண்டர்ஸ், அதாவது பிறகு யாங்கீஸ் ஆன அணி, அப்போது மன்ஹாட்டனில் ஹில்டாப் பார்க் என்ற மைதானத்தில் ஆடியது. டெட்ராயிட் அணியின் டை காப் மூன்றாம் பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடி வந்து சறுக்குகிறார், அங்கே நிற்பவர் ஜிம்மி ஆஸ்டின். பொதுவாக 1910 என்று தேதி போடுவார்கள், 1909 என்பவர்களும் இருக்கிறார்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். காப் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறார், காலுக்கு முன்னால் மண் வெடித்துத் தெறிக்கிறது, ஆஸ்டின் நிலைதடுமாறி விழப்போகிறார். அந்தத் தெறிக்கும் மண்தான் படமே. அதன் ஒவ்வொரு கட்டியும் தனித்தனியாகத் தெரிகிறது.

இதைப்பற்றிக் கான்லனே பின்னாளில் சொன்ன கதை ஒன்று உண்டு. ஆஸ்டின் அவருக்கு நண்பர், பேஸ் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார். காப் பாய்ந்து வந்ததும் ஆஸ்டினுக்கு அடிபட்டுவிட்டதோ என்பதுதான் முதல் பதற்றம், படம் எடுத்தோமா இல்லையா என்பதே நினைவில் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தகட்டை மாற்றிவிட்டார். கழுவிப் பார்த்தபோதுதான் உள்ளே இது இருந்தது. கை தானாக அழுத்தியிருக்கிறது. அதிர்ஷ்டம் என்று சொல்வார்கள். அந்த இடத்தில், அந்தத் தூரத்தில், கேமராவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் நின்றவருக்கு மட்டும் வருகிற அதிர்ஷ்டம் என்று நான் திருத்திச் சொல்வேன்.

என்ன கேமரா வைத்திருந்தார்கள்?

கான்லனுக்கும் பத்திரிகைக்காரர்கள் பலருக்கும் கிராஃப்ளெக்ஸ். மரப்பெட்டி, மேலே தோலில் ஒரு கூண்டு, அதற்குள் முகத்தைப் புதைத்துக் கீழே பார்க்க வேண்டும். உள்ளே சாய்ந்த கண்ணாடி ஒன்று காட்சியை மேலே அனுப்பும், அழுத்தினால் கண்ணாடி எழும்பிக்கொள்ள, பின்னால் துணித்திரை ஒன்று இடுக்கோடு ஓடித் தகட்டில் வெளிச்சம் விழும். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை வேகம் கிடைக்கும் என்பதால்தான் ஓடும் ஆளைப் பிடிக்க முடிந்தது. ஒரு படம் எடுத்ததும் தகட்டை மாற்ற வேண்டும். மோட்டார் கிடையாது, விநாடிக்குப் பத்து படம் கிடையாது. ஒரு சறுக்கலுக்கு ஒரே வாய்ப்பு. கனமும் அதிகம், மதியம் முழுக்கப் பிடித்துக்கொண்டு நிற்பது லேசில்லை.

1920-களுக்குப் பிறகு பெரிய நீள லென்ஸ் பூட்டிய கிராஃப்ளெக்ஸ் வந்தது, பிக் பெர்த்தா என்று செல்லப்பெயர், பீரங்கி மாதிரி இருக்கும். கேலரியிலிருந்தே பேஸைப் பிடித்துவிடலாம். ஆட்கள் கேலரிக்கு ஏறிப்போனார்கள் என்று முதலில் சொன்னேனே, அந்த மாற்றம் அதோடு ஆரம்பிக்கிறது.

சில படங்களில் பேட் வளைந்திருக்கிறது, சிவப்புக் காலுறை கறுப்பாக இருக்கிறது. போட்டோ கெட்டுப்போனதா?

இல்லை, இரண்டுக்கும் காரணம் உண்டு. மேலே சொன்ன இடுக்குத் திரை தகடு முழுவதையும் ஒரே நேரத்தில் திறக்காது, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடும். அது ஓடி முடிப்பதற்குள் வேகமாக வீசிய பேட் நகர்ந்துவிடும், அதனால் அடிப்பாகம் ஓரிடத்திலும் நுனி வேறிடத்திலும் பதிந்து வில்போல வளைந்து நிற்கும். இன்றைக்குச் செல்போனில் ஓடும் ரயிலிலிருந்து எடுத்தால் கம்பங்கள் சாய்ந்து தெரிவதும் இதே கதைதான்.

நிறம் வேறு விஷயம். அன்றைய தகடுகளுக்குச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது, நீலம் மிகையாகத் தெரியும். அதனால் பாஸ்டன் ரெட் சாக்ஸின் சிவப்புக் காலுறை கறுப்பாகவும், வெளிர்நீலம் வெள்ளையாகவும், நீலக் கண்கள் பேய்க்கண் மாதிரி வெளிறியும் வரும். வானம் வெறும் வெள்ளை. பழைய ஆட்களுக்கு எல்லாம் கண் அப்படி இருந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இப்போது கணினியில் வண்ணம் தீட்டிப் போடுகிறவர்களில் சிலர் இதைக் கவனிக்காமல் சிவப்புத் தொப்பிக்குக் கறுப்பு பூசிவிடுகிறார்கள், பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

உலகத்திலேயே விலை உயர்ந்த பேஸ்பால் கார்டுகளில் ஒன்று ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரருடையது. அந்தப் படத்தை எடுத்தது யார்?

கார்ல் ஹார்னர். ஸ்வீடனிலிருந்து வந்து பாஸ்டனில் ஸ்டூடியோ போட்டவர். 1900-களின் முதல் பத்தாண்டில் பெரிய லீக் ஆட்டக்காரர்கள் வரிசையாக அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். மென்மையான வெளிச்சம், வெற்றுப் பின்னணி, மார்புக்கு மேலே மட்டும், பார்வை சற்றே விலகி. கான்லனுக்கு நேர் எதிர் பாணி. ஹார்னர் படத்தில் எல்லோரும் கொஞ்சம் கனவான்களாகத் தெரிவார்கள்.

அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை சிகரெட்டோடு கொடுத்த கார்டு வரிசைக்கு ஹார்னரின் வாக்னர் படத்தை எடுத்து, ஆரஞ்சுப் பின்னணி போட்டு வண்ணத்தில் அச்சடித்தார்கள். வாக்னர் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார், சிறுவர்கள் புகையிலை வாங்கக் கூடாது என்பதால் என்று ஒரு பேச்சு, பணம் தராததால் என்று இன்னொரு பேச்சு. எப்படியோ, சில டஜன் பிரதிகள்தான் மிஞ்சியிருக்கின்றன. 2022-இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. செய்தி போட்ட எத்தனை பத்திரிகைகள் ஹார்னர் பெயரைப் போட்டன என்று தேடிப் பாருங்கள்.

இதே காலத்தில் நியூயார்க்கில் பால் தாம்சன் இருந்தார். 1910-11 வாக்கில் இவர் எடுத்த முகப்படங்கள் தங்க ஓரம் போட்ட கார்டு வரிசை ஒன்றுக்குப் பெரும்பாலும் மூலம். ஹார்னரைவிட முகத்தில் நிழல் அதிகம், ஆட்டக்காரர்கள் உயிரோடு இருப்பார்கள். வியாபார மூளையும் உண்டு, படங்களை முறையாகக் காப்புரிமைக்குப் பதிவு செய்து வைத்தார், அதனால்தான் இன்றைக்கு எது அவருடையது என்று அடித்துச் சொல்ல முடிகிறது. கிளீவ்லாந்துக்கு லூயி வான் ஒயென். அமெரிக்கன் லீக்கின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக இருந்தவர், கிளீவ்லாந்து அணியை இவரளவுக்கு யாரும் எடுக்கவில்லை. இன்னும் எழுத வேண்டியவர், இங்கே இவ்வளவுதான்.

பெயின் என்ற பெயர் எல்லாப் படத்திலும் வருகிறதே, அவ்வளவையும் அவரே எடுத்தாரா?

இல்லை. ஜார்ஜ் கிரந்தம் பெயின் 1898-இல் நியூயார்க்கில் படச்செய்தி நிறுவனம் ஒன்றை ஆரம்பித்தார். பத்திரிகைகளுக்குப் படம் விற்பது வேலை. பலர் எடுத்தார்கள், வெளியாரிடமும் வாங்கினார்கள், எல்லாமே பெயின் பெயரில் போனது. எடுத்த கை எது என்று பெரும்பாலான படங்களுக்குச் சொல்ல வழியில்லை. 1908-இல் தீப்பிடித்து அதுவரை சேர்ந்ததில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சமும் அதற்குப் பிறகு எடுத்ததும் சேர்ந்து சுமார் 40,000 கண்ணாடி நெகட்டிவ்கள், 1948-இல் காங்கிரஸ் நூலகம் வாங்கிக்கொண்டது.

ஆட்டக்காரர் பெயரை நெகட்டிவிலேயே கையால் எழுதிவிடுவார்கள், அதனால் படத்தின் அடியில் அவசரக் கையெழுத்து ஒன்று தெரியும். எழுத்துப்பிழை சாதாரணம், ஆளே மாறியிருப்பதும் உண்டு. 2008 ஜனவரியில் நூலகம் இவற்றைப் படங்கள் பகிரும் தளமான ஃபிளிக்கரில் போட ஆரம்பித்ததும், பேஸ்பால் வரலாற்றுப் பித்தர்கள் கூடி, சீருடையின் கோடு, காலுறையின் பட்டை, பின்னால் தெரியும் விளம்பரப் பலகை இவற்றை வைத்து யார், எந்த மைதானம், எந்தத் தேதி என்று கண்டுபிடித்துத் திருத்த ஆரம்பித்தார்கள். கருத்துப் பகுதியில் சண்டை போடாமல் வேலை நடந்த அபூர்வ இடம். பெயினை என் பிடித்தவர்கள் பட்டியலில் வைப்பதா என்றால், நிறுவனமாக வைப்பேன், புகைப்படக்காரராக அல்ல.

யாங்கீஸ் நட்சத்திரம் பேப் ரூத் தரையில் மயங்கிக் கிடக்கும் படம் நிஜமா?

நிஜம். 1924 ஜூலை 5, வாஷிங்டனின் கிரிஃபித் ஸ்டேடியம். எல்லைக்கு வெளியே போன பந்தைத் துரத்திப் போய்ச் சுவரில் மோதி விழுந்தார், சில நிமிஷம் நினைவில்லை. எழுந்து மிச்ச ஆட்டத்தையும் ஆடினார் என்பதுதான் ஆச்சரியம். எடுத்தது நேஷனல் போட்டோ கம்பெனி, வாஷிங்டனில் ஹெர்பர்ட் ஃபிரெஞ்ச் நடத்தியது. ரூத் மல்லாந்து கிடக்கிறார், சுற்றி ஆட்கள் குனிந்திருக்கிறார்கள், சீருடை போட்ட போலீஸ்காரர் கூட்டத்தை வராதே என்று தடுக்கிறார். ரூத்தை எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டோ பந்தை வானத்துக்கு அனுப்பிவிட்டு நின்றோ இருப்பார். அவரை வெறும் கனத்த உடம்பாகக் காட்டுகிற படம் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

நீங்கள் சொன்ன எல்லாரும் வெள்ளைக்காரர்கள், வெள்ளைக்காரர்களையே எடுத்தவர்கள். கறுப்பின அணிகளை யாரும் எடுக்கவில்லையா?

எடுத்தார்கள், பாதுகாக்கத்தான் ஆளில்லை. பெரிய லீக்குகள் 1947 வரை கறுப்பர்களை உள்ளே விடவில்லை, அதனால் கான்லன் நின்ற மைதானங்களில் அவர்கள் அந்த ஆட்டங்களில் இல்லை. பெயின் நிறுவனத்துக்கு அதில் வியாபாரம் இல்லை.

எனக்குப் பிடித்தது கன்சாஸ் சிட்டியின் ஜே. ஈ. மில்லர் எடுத்த ஒரு நீளப் படம். 1924 அக்டோபர் 11, கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியும் ஹில்டேல் அணியும் மோதிய கறுப்பர் வேர்ல்டு சீரிஸ், கன்சாஸ் சிட்டியில் நடந்த முதல் ஆட்டத்துக்கு முன்னால் எடுத்தது. இரண்டு அணிகளும் ஒரே வரிசையில், பின்னால் நிரம்பிய கேலரி. அந்தக் காலத்தில் இந்த மாதிரி நீளப் படங்களுக்குக் கேமராவே மெல்லச் சுழலும், படம் பதிந்து முடியும்வரை அத்தனை பேரும் ஆடாமல் நிற்க வேண்டும். இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகமாகப் போய்ப் பாருங்கள், அந்த சீரிஸ் பத்து ஆட்டம் போய் மோனார்க்ஸ் ஜெயித்தது.

அடுத்து பிட்ஸ்பர்க்கின் சார்லஸ் ஹாரிஸ், டீனி என்று கூப்பிடுவார்கள். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகைக்காக எடுத்தவர், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணி ஆரம்பித்த காலத்தில் அதில் ஆடியவரும்கூட. ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார் என்பதால் ஒன் ஷாட் என்றும் பெயர். நான் போட்ட கோட்டுக்குச் சற்று அப்பால்தான் வருகிறார், இருந்தாலும் சேர்க்காமல் முடியாது. ஆடினவன் எடுக்கிற படத்தில் ஆட்டக்காரர்கள் தளர்ந்து, வேடிக்கை பேசிக்கொண்டு, நம் ஆள்தானே என்கிற தோரணையில் நிற்பார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட நெகட்டிவ்கள் பிட்ஸ்பர்க்கின் கார்னகி கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நம் பக்கம் இந்த ஆட்டக்காரர்கள் வந்ததுண்டா?

கொழும்பு வரை. சிகாகோ அணியின் உரிமையாளரும் விளையாட்டுச் சாமான் வியாபாரியுமான ஆல்பர்ட் ஸ்பால்டிங், 1888-89-இல் இரண்டு அணிகளை உலகம் சுற்றக் கூட்டிப்போனார். ஆஸ்திரேலியாவில் ஆடிவிட்டு வரும் வழியில் 1889 ஜனவரி 26 அன்று கொழும்பில் ஓர் ஆட்டம் ஆடினார்கள். இந்தியாவுக்குள் வரவில்லை. நேரே எகிப்துக்குப் போய், பிப்ரவரியில் கிசாவின் ஸ்பிங்ஸ் சிலைமேல் சீருடையோடு ஏறி உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம்தான் அந்தப் பயணத்தின் புகழ்பெற்ற படம். சிலையின் தோள்மேல் ஆட்கள் தொற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் இன்றைய தொல்லியல்காரர்களுக்கு ரத்தக் கொதிப்பு வரும்.

கான்லனின் நெகட்டிவ்கள் என்ன ஆயின?

சுமார் 30,000 எடுத்திருப்பார் என்பது மதிப்பீடு, அதில் எட்டாயிரம் போலத்தான் தப்பித்தன. கண்ணாடி உடையும், இடத்தை அடைக்கும், பழைய ஆட்டக்காரரின் முகத்தை மறுபடி யார் கேட்கப்போகிறார்கள் என்று அன்றைக்குத் தோன்றியிருக்கும். மிஞ்சியவை ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகையின் காப்பகத்தில் பல காலம் இருந்தன. 1990-களில் அவற்றிலிருந்து நல்ல பிரிண்டுகள் போட்டு வெளியிட்ட பிறகுதான், இவை வெறும் பழைய பத்திரிகைப் படங்கள் இல்லை என்று பலருக்கு உறைத்தது. அப்புறம் தனியார் கைக்கு மாறி, 2016 ஏலத்தில் மொத்தமாகச் சுமார் 18 லட்சம் டாலருக்குப் போயின. வாக்னரின் ஒரே ஒரு கார்டின் விலையில் இப்படி நான்கு மொத்தக் காப்பகங்களை வாங்கிவிடலாம். விலை சொல்வதை வைத்து எது பெரிது என்று முடிவுகட்ட வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

எங்கே இலவசமாகப் பார்க்கலாம்? என் தளத்தில் போட்டுக்கொள்ளலாமா?

காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் பெயின், தாம்சன், நேஷனல் போட்டோ எல்லாம் பெரிய அளவிலேயே இறக்கிக்கொள்ளக் கிடைக்கும். பாஸ்டன் பொது நூலகத்தில் மைக்கேல் மெக்ரீவி என்ற மதுக்கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த அருமையான பழைய பாஸ்டன் படங்கள் இருக்கின்றன, லெஸ்லி ஜோன்ஸ் எடுத்தவையும் அங்கேதான். சிகாகோ அணிகளுக்கு, சிகாகோ டெய்லி நியூஸ் பத்திரிகையின் கண்ணாடி நெகட்டிவ்கள் சிகாகோ வரலாற்று அருங்காட்சியகத்தில்.

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் வெளியான படத்துக்கு அதிகபட்சம் 95 ஆண்டு காப்புரிமை, அதைத் தாண்டியதைத் தாராளமாகப் போடலாம். எடுக்கும்போதே வெளியிடாமல் வைத்திருந்த படங்களுக்குக் கணக்கு வேறு, அந்தந்தப் படத்தின் பக்கத்தில் உரிமைக் குறிப்பு இருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள். கட்டாயமில்லை என்றாலும் எடுத்தவர் பெயரைப் போடுங்கள்.

ஒரிஜினல் பிரிண்ட் ஒன்று வாங்க ஆசை. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். புகைப்படக்காரரின் ரப்பர் முத்திரை, பென்சில் குறிப்பு, பத்திரிகை அலுவலகத்தின் தேதி முத்திரை, ஒட்டிய செய்தித்துண்டு, இவைதான் ஜாதகம். சந்தையில் டைப் 1 என்றால், மூல நெகட்டிவிலிருந்து, எடுத்த காலத்தை ஒட்டி ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்குள் போட்ட பிரிண்ட். அதே நெகட்டிவிலிருந்து பின்னாளில் போட்டது விலையில் பல படி கீழே, ஆனால் பார்க்க அதேதான், சில சமயம் இன்னும் சுத்தமாகக்கூட இருக்கும்.

முன்பக்கத்தில் வெள்ளை, சாம்பல் பெயிண்ட் தடவியிருந்தால் பயப்பட வேண்டாம். அச்சில் தெளிவாக விழுவதற்காகப் பத்திரிகை ஓவியர்கள் ஆளின் விளிம்பைத் தீட்டி, பின்னணியை மறைத்துவிடுவார்கள். வெட்டும் கோடுகளும் இருக்கும். எனக்கு அப்படிப்பட்ட பிரிண்ட்தான் அதிகம் பிடிக்கும், வேலை செய்த காகிதம் என்பது தெரியும். பயப்பட வேண்டியது வேறு: பழைய அட்டையில் புதிதாக ஒட்டிய நகல், ஆட்டக்காரர் பெயரை மட்டும் பெரிதாகச் சொல்லிவிட்டு எடுத்தவர், நெகட்டிவ், முத்திரை எதையும் சொல்லாத விற்பனையாளர். பின்பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், தட்டிக்கழித்தால் விட்டுவிடுங்கள். பிரபலம் இல்லாத ஆட்டக்காரரின் கான்லன் பிரிண்ட்கள், ரூத், காப் படங்களோடு ஒப்பிட்டால் மலிவுதான். முதல் பிரிண்ட்டுக்கு அதையே தேடுங்கள்.